சுகமானவர்களின் படங்கள்

வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்காமல் திரைத்துணி தொங்கவிட ஒரு வழி இருக்கிறது. ஒரு மூங்கில் குச்சியை எடுத்து, எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிட ஒரு நூல் நீளமாக வெட்ட வேண்டும். கொத்தனார் கணக்கில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. குச்சியை லேசாக வளைத்து உள்ளே நுழைத்து விட்டுவிட்டால் தன் விறைப்பிலேயே நிற்கும். சுவரில் ஒரு கீறல் விழாது. மதினி வீட்டு ஜன்னல் திரை அப்படித்தான் நின்றது.

அந்தத் திரையும் கடையில் வாங்கியதல்ல. அவள் பேண்டேஜ் துணி மடிக்கும் யூனிட்டில் வேலை பார்த்தாள். ரோல் வெட்டும்போது ஓரத்தில் கழிகிற துணியை வேலை செய்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அடுப்பு துடைக்கவும் விளக்குத் திரிக்கும் கொண்டுபோவார்கள். மதினி அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, வெங்காயத் தோல் போட்டுக் கொதித்த தண்ணீரில் முக்கி எடுப்பாள். காய்ந்ததும் செம்பழுப்பாக ஒரு நிறம் வரும். காலை வெயில் அதன் வழியே உள்ளே இறங்கினால், அந்தச் சின்ன அறை சப்பட்டை மாம்பழத்துக்குள் இருப்பதுபோல இருக்கும்.

இராஜபாளையத்தில் மில் சங்கு கேட்கும் தூரத்தில், ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாக இருந்த வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம், அடுத்ததில் அவள். அவள் கணவர் நூல் மில்லில் பிட்டர். என் அப்பாவைச் சித்தப்பா என்று கூப்பிட்டதால் அவர் எனக்கு அண்ணன் ஆனார், அவள் மதினி. உறவு அவ்வளவுதான். நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது குடிவந்தார்கள். முதல் நாள் நான் ‘நீங்க’ என்று தொடங்கியதற்கு, “என்னை என்ன தலைமை வாத்திச்சின்னு நினைச்சியா? நீன்னு சொல்லுட்டி” என்றாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் பேசியதில்லை, அதனால் நானும் எழுதவில்லை.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒரே ஒரு சட்டம்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சுண்ணாம்புச் சுவர், ஆணி இறங்கினால் கையளவு பெயர்ந்து விழும். மாதாமாதம் வாடகைக்கு வரும்போது நேராக உள்ளே போய் உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்ப்பார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் முதல் வார்த்தை தெலுங்கில்தான் வரும்.

“ஏமிதி? ஆணி அடிச்சியா?”

“ஆணியே இந்த வீட்ல கெடையாதும்மா. இவுக செருப்புல வேணா இருக்கும், எடுத்தாரட்டா?”

“பின்ன துணி எப்படி நிக்குது?”

“ஒங்க செவுரு ரெண்டும் புடிச்சிக்கிட்டு நிக்குதும்மா. கைராசியான செவுரு.”

வீட்டுக்காரம்மா குச்சியின் இரண்டு முனைகளையும் எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பு வருவதை மறைக்க முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார்.

அந்த வீட்டில் இருந்தவற்றை இப்போதும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். மில்லில் நூல் சுற்றிக் கழித்த அட்டைக் கோன்களில் ஊசியால் துளை போட்டுச் செய்த விளக்குமூடி. உள்ளே ஜீரோ வாட் பல்பு. அலமாரித் தட்டுகளில் விரித்தது சிவகாசி அச்சாபீஸ்களில் கழித்த தாள்: நிறம் தள்ளி விழுந்த தீப்பெட்டி லேபிள்கள், புலிக்கு இரண்டு மூக்கு, ரோஜாவுக்குப் பக்கத்தில் ஒரு ரோஜா நிழல். வாசல்படி ஓரத்துச் சிமெண்டில் பதித்த வளையல் துண்டுகள். எதுவும் காசு போட்டு வாங்கியது இல்லை. வசதி இல்லாததால் மட்டும் அப்படி என்று நான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒரு தீபாவளிக்கு அண்ணன் கடையிலிருந்து பிளாஸ்டிக் பூங்கொத்து வாங்கி வந்தபோதுதான் தெரிந்தது. அதை ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டாள்.

“காசு குடுத்து வாங்கி மாட்டுனா கடைக்காரன் வீட்ல குடியிருக்க மாதிரி இருக்கு” என்றாள்.

பிறர் வீட்டுக்குச் செய்யும்போது அவள் முதலில் வெறுமனே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் அடுப்படியில் அம்மா புகைக்கு நடுவே யாரையாவது திட்டிக்கொண்டே சமைப்பாள். மதினி இரண்டு நாள் வந்து உட்கார்ந்து அந்தத் திட்டைக் கேட்டாள். மூன்றாம் நாள் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை அடுப்புக்கு எதிரே, பாத்திர அடுக்கில் சாய்த்து வைத்தாள். பின்பக்கத்து வேப்பமரம் அதில் முழுசாகத் தெரிந்தது. அம்மா சமைக்கும்போது மரத்தைப் பார்க்கத் தொடங்கினாள். திட்டு நிற்கவில்லை, சத்தம் குறைந்தது.

எனக்கு ஒரு மூலை செய்து கொடுத்தாள். லேபிள் தாள்களைப் பின்பக்கம் திருப்பி, வெள்ளைப் பக்கம் தெரிய, சதுரம் சதுரமாக மைதாப் பசையில் ஒட்டினாள். ஒவ்வொரு கோடும் நேராக இருந்தது. பக்கத்தில் என் பென்சில்களுக்கும் ஸ்கேலுக்கும் ஆளுக்கொரு கோன்.

“மத்தவுகளுக்குப் பூ ஒட்டுனேன். ஒனக்குக் கோடுதான். நீ கோடு போடாம தூங்கமாட்ட” என்றாள்.

நான் வரைவாளராக ஆவேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

*

சுவரில் படம் அச்சடிக்க மட்டும் வீட்டுக்காரம்மா தடை சொல்லவில்லை. எப்படியும் பொங்கலுக்கு முன்னால் அவருடைய ஆள் வந்து வரிசை முழுக்க மட்டையால் வெள்ளையடித்துவிடுவான். மதினி தை மாதம் அச்சடித்த பூவும் கொடியும் அடுத்த மார்கழிவரை இருக்கும். பிறகு வெள்ளைக்குள் போய்விடும். மறுபடி அவள் புதிதாகத் தொடங்குவாள்.

நிறத்துக்கும் அவள் கடைக்குப் போகவில்லை. துணிக்குப் போடும் நீலம் ஒன்று. மற்றது மஞ்சள்பொடியும் சுண்ணாம்பும் கலந்தால் வரும் ஆரத்திச் சிவப்பு. அந்தச் சிவப்பு நிற்காது. சுண்ணாம்பு காற்றுப்பட்டு இறுகஇறுகக் காரம் குறைந்து, சிவப்பு மெல்ல மஞ்சளுக்குத் திரும்பிவிடும். காரணத்தை நான் அவளுக்கு விளக்கியபோது தலையாட்டிக் கேட்டுவிட்டு, “ஆமா, பழுத்துருச்சு” என்றாள்.

அச்சுதான் அவளுக்குத் தொல்லையாக இருந்தது. அட்டையில் பூ வடிவ ஓட்டை வெட்டி அதன் வழியே ஒற்றினால், சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறி நாலு பூவுக்குள் கிழிந்துவிடும். அந்தச் சமயத்தில் அண்ணன் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்து, நடந்து, ஷிப்டுக்கும் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி அவருடைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் ஊறாது. மடங்காது. பிளேடு போட்டால் பிசிறில்லாமல் வெட்டும்.

“கால் சரியாயிருச்சு. இனி இது பெட்டிக்குள்ள கெடந்து என்ன செய்யப்போவுது?”

“என் கால வெட்டுதியாட்டி?” என்றார் அண்ணன்.

“ஒங்க கால்ல கொடி ஏத்துதேன்.”

கொடி நன்றாக வந்தது. காம்பவுண்டு முழுக்கச் செய்தி பரவி, ஆளாளுக்குப் பழைய படங்களைக் கொண்டுவந்தார்கள். தையல்காரரின் மணிக்கட்டில் மல்லிகை மொட்டு வெட்டினாள். காசை முழுங்கிய எதிர்வீட்டுப் பாப்பாவின் படத்தில், வயிற்றுக்குள் வெள்ளையாகத் தெரிந்த காசைச் சுற்றிக் கதிர் வெட்டிச் சூரியன் ஆக்கினாள். சிலர் படத்தைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து எலும்பையெல்லாம் அழித்துவிடச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. “யாரு கையி யாரு காலுன்னு அச்சுக்குத் தெரிய வேண்டாமா?”

அவளிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சுகமானவர்களின் படத்தை மட்டும்தான் வெட்டுவாள். வீட்டுக்காரம்மாவே ஒருநாள் தன் முட்டிப் படத்தைக் கொண்டுவந்து, தன் பூஜையறைக்கு அதில் தாமரை வெட்டித் தரச் சொன்னார்.

“வலி போயிருச்சாம்மா?”

“எங்க போச்சு? படி ஏறினா உசிரு போகுது.”

“அப்போ இது ஆகாது. சொகமாகட்டும், பொறவு வாங்கிக்கிடுதேன்.”

“முட்டி நல்லாகி என்னைக்கும்மா நான் தாமரை பாக்கிறது?”

“சொகமாகாதவுக படத்த செவுத்துல வச்சா, நோவைப் பிடிச்சு வீட்ல வச்ச மாதிரி. சொகமானவுக படம்னா, போன நோவு போனதுதான்னு செவுரு சொல்லிக்கிட்டே இருக்கும்.”

வீட்டுக்காரம்மா முட்டியைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார். பிறகு மதினி தையல்காரரின் இன்னொரு படத்தில் தாமரை வெட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து எங்கள் வரிசையில் யாருக்காவது உடம்பு தேறிவிட்டது என்று சொல்ல, ‘மதினி படத்தக் கேட்டுட்டா’ என்பது வழக்கமாகிவிட்டது.

*

நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, அண்ணனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் அப்பா வழியில் ஒரு துண்டு இடம் பிரிந்து வந்தது. பழைய கூரையை எடுத்துவிட்டு ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே கான்கிரீட். கைக்கு வரவர, சுவர் சுவராகக் கட்டுவது என்று முடிவு. வரைபடம் நான் போட்டேன். வகுப்பில் கற்ற எல்லாக் குறிகளையும் போட்டுக் காட்டவேண்டும் என்ற வேகத்தில் கதவு திறக்கும் வளைவுகூடப் போட்டிருந்தேன். மதினி தாளை எங்கள் வீட்டுத் தரையில் விரித்துவைத்து விரலால் ஒவ்வொரு சுவராகத் தொட்டாள்.

“இது?”

“ஜன்னல்.”

“இது?”

“அலமாரி.”

“ஆணி எங்கட்டி?”

“ஆணிக்கெல்லாம் பிளான்ல குறி கிடையாது மதினி.”

“பொறவு எதப் பாத்து அடிப்பாக?”

“உன் வீடு. எந்தச் செவுத்துல வேணும்னாலும் எத்தன வேணும்னாலும் அடிச்சுக்க.”

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “எல்லாத்துலயும் வேண்டாம். ஒண்ணு போதும். இங்கன” என்று, வாசலுக்குள் நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரில் விரலை வைத்தாள். “அப்பொறம், கிளி. வில்லிபுத்தூர்ல வீடு கட்டிட்டு கிளி இல்லாமலா?”

“பச்சைக்கு எங்க போவ?”

“பச்சைக் கிளி எல்லார் வீட்லயும் இருக்கு. நம்ம வீட்ல செவப்புக் கிளி.”

இருமல் அதற்கு முன்பே இருந்தது. பஞ்சும் துணியும் உள்ள ஊரில் இருமலை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. அஸ்திவாரம் போட்ட மாதம் அவளே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் போய் மார்புக்குப் படம் எடுத்து வந்தாள். சளி கட்டியிருக்கிறது, மாத்திரை தந்திருக்கிறார் என்றாள். மழைக்காலம் முடிந்து மறுபடி வரச்சொன்னார் என்பதையும், இந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவரச் சொன்னார் என்பதையும் அவள் சொல்லவில்லை.

மழை முடிந்தது. சுவர்கள் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரி விடுதியிலிருந்து வந்த நான், அவள் வாசல்படியில் உட்கார்ந்து படம் வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். விலா எலும்புகள் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்க, நடுவில் பிளேடு வளைந்து போய்க்கொண்டிருந்தது. அலகு, கழுத்து, நீண்ட வால்.

“யார் படம் மதினி?”

“என் படந்தான்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “சொகமாயிருச்சா?”

“வெட்டுதேன்ல?”

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் வரிசையில் அதைவிடப் பெரிய சான்று கிடையாது. அண்ணன் அன்று சாயங்காலம் பால்கோவா வாங்கிவந்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். என் அம்மா பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தாள். முட்டி வலியோடு வந்த வீட்டுக்காரம்மா, “ஒனக்கு மட்டும் எப்படிம்மா சீக்கிரம் நல்லாகுது?” என்று பொறாமைப்பட்டார்.

வெட்டி எடுத்த கிளியை மதினி என்னிடம் கொடுத்தாள். கறுப்பும் சாம்பலுமாக, உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தது. “அச்சுக்கு ஓட்டைதான் வேணும். கிளிய நீ வச்சுக்கோ.” நான் அதற்கு நூல் கட்டி, என் கோடு போட்ட மூலையில், ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்.

*

கான்கிரீட் போட்ட பிறகு நாள்தவறாமல் அதன்மேல் தண்ணீர் தேக்கவேண்டும். இல்லாவிட்டால் வெடித்துவிடும். மதினி வேலை விட்டதும் டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், குடம் குடமாக ஏணியில் ஏற்றி ஊற்றினாள். விடுமுறையில் நானும் போனேன். நாலாவது ஏணிப்படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

“குடத்த எங்கிட்ட குடு.”

“கூரைய இம்புட்டு உசரத்துல போட்டது யாரு? நீதான பிளான் போட்ட. பேசாம இரு” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. கோவில் கோபுரம் தெரிகிற பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

வெள்ளையடிக்கும் வேலை மட்டும் மிச்சம் இருந்தபோது, யூனிட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழமுடியாமல் போனாள். அண்ணன் அவளை அதே டாக்டரிடம் கொண்டுபோனார். புதிய படம் எடுத்தார்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் இது எவ்வளவு நாளாக, எவ்வளவு வேகமாக வளருகிறது என்று தெரியும், உடனே கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர்.

அண்ணன் இராஜபாளையத்துக்குத் திரும்பிவந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்தார். அதன் நடுவில் கிளி அளவு ஓட்டை இருந்தது. அதைக் கையில் பிடித்தபடியே எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“ஏட்டி, அந்தக் கிளி ஒங்கிட்டயா இருக்கு?”

நான் நூலை அறுத்து, கிளியை என் டிராயிங் நோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். வழியில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓட்டைப் படத்தை மடியில் வைத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார். கட்டிய ஒரு சுவரில் அவள் ஏற்கனவே ஒரு கிளியை ஒத்திகை பார்த்திருந்தாள்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவே கிளி வடிவத்தில் வெளிச்சம் எரிந்தது. நான் கிளியை நீட்டினேன். அவர் அதை ஓட்டைக்குள் வைத்து அழுத்தி, பிளாஸ்டரால் நாலு இடத்தில் ஒட்டினார். எலும்பு எலும்போடு சரியாகச் சேர்ந்தது. கிளியின் வயிற்றில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு நிழல் இருந்தது.

பிறகு பக்கத்தில் புதிய படத்தை மாட்டினார். நான் ஒப்பிட்டுப் பார்க்கப் பழகியவள், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மதினி கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “வெட்டுன எடம் பிசிறில்லாம இருக்கா?” என்று என்னைக் கேட்டாள்.

டாக்டர் திரும்பினார். “எதுக்கும்மா இதை வெட்டுனீங்க? பத்திரமா வைங்க, மழை முடிஞ்சதும் வாங்க, தேவைப்பட்டா மதுரைக்கு அனுப்புறேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?”

“சொகமானவுக படம் சார் அது.”

“சுகம்னு யார் சொன்னா?”

“நாந்தான்.”

அண்ணன் அறையைவிட்டு வெளியே போனார். வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏன் வெட்டினாள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்று, மதுரைக்குப் போனால் கைக்காசெல்லாம் அதற்கே போய், சுவர் ஜன்னல் மட்டத்திலேயே நின்றுபோகும். அது அவளுக்குத் தெரியும். இரண்டு, உள்ளபடியே தேறிவிட்டதாக அவளுக்குத் தோன்றியிருக்கலாம். மாத்திரை சாப்பிட்ட நாட்களில் இருமல் குறைந்திருந்தது. மூன்றாவதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. சுகமானவர் படத்தை வெட்டுவதுதான் அவள் வழக்கம். வெட்டிவிட்டால் சுகமாகிவிடும் என்று வழக்கத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பாளோ? அவளிடம் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அப்போது யாரும் இல்லை.

*

மதுரைக்குப் போய்த் திரும்பினார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். எந்த வீட்டுக்கு என்று அண்ணன் கேட்டபோது, மதினி ஸ்ரீவில்லிபுத்தூரைச் சொன்னாள். அவசரமாகப் பால் காய்ச்சினோம். தரை இன்னும் ஈரமாக இருந்தது. அவளைக் கயிற்றுக் கட்டிலில் அறையின் நடுவே படுக்கவைத்து, அண்ணனும் நானும் சுவர்களுக்கு வெள்ளையடித்தோம். காய்ந்ததும் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தேன். பேண்டேஜ் துணியைப் பந்தாக உருட்டிவைத்தேன். அச்சு வேண்டும்.

அண்ணன் பெட்டியிலிருந்து படத்தை எடுத்தார். டாக்டர் ஒட்டிய பிளாஸ்டரோடு முழுதாக இருந்தது.

“இது வேண்டாம். வேற படம் பாப்போம்” என்றார்.

“வேற எதுல கிளி இருக்கு?” என்றாள் மதினி.

“சொகமானவுக படந்தான செவுத்துக்கு ஆகும்? நீதான சொன்ன?”

மதினி மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினாள்.

“புதுச் செவுரு. அதுக்கு என்ன தெரியும்? அதையே எடுங்க.”

பிளாஸ்டரை நான்தான் பிரித்தேன். கிளி தனியாக வந்தது. அண்ணன் படத்தைச் சுவரில் அழுத்திப் பிடிக்க, நான் துணிப்பந்தால் ஒற்றினேன். அவள் கட்டிலிலிருந்து வழி சொன்னாள். “செத்த மேல. இன்னும் செத்த. ஏட்டி, வெளிய பாத்து நிக்குதே, பறந்துரும். திருப்பிப் போடு. உள்ள பாக்கட்டும்.” அறையைச் சுற்றிச் சிவப்புக் கிளிகள் உள்ளே பார்த்து நின்றன. ஒவ்வொன்றும் அவள் நெஞ்சிலிருந்து வந்தது என்பதை நாங்கள் மூவரும் அறிந்திருந்தோம்.

பிறகு சுத்தியல் கேட்டாள்.

வாசலுக்கு எதிரே உள்ள சுவருக்குப் பக்கத்தில் கட்டிலை நகர்த்தினோம். அண்ணன் அவளைத் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தாங்கிக்கொண்டார். ஆணியை நான் பிடித்தேன். முதல் அடி ஆணியில் விழவில்லை. இரண்டாவது விழுந்தது. அதற்குப் பிறகு சுத்தியலைத் தூக்க முடியவில்லை. மிச்சத்தை அண்ணன் அவள் கையின்மேல் தன் கையை வைத்து அடித்தார். சிமெண்டுச் சுவர், ஒரு பொருக்குகூடப் பெயரவில்லை.

“வீட்டுக்காரம்மா வந்தா என்ன சொல்லுவ?” என்றேன், அழாமல் இருப்பதற்காக.

“நாந்தான வீட்டுக்காரம்மா?” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

“இதுல என்ன மாட்டணும் மதினி? காலண்டரா, கண்ணாடியா?”

“ஒண்ணும் வேண்டாம். இருக்கட்டும்.”

“சும்மாவா?”

“சும்மா இருக்கட்டும்ட்டி.”

கிளிகள் பழுத்து மஞ்சளாவதற்குள் அவள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் அவளுடைய போட்டோவைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தார்கள். வீட்டில் இருந்தது ஒரே ஆணி. வந்தவர்கள் அதில் மாட்டப்போனபோது அண்ணன் எழுந்து தடுத்தார். “அவ அதுல எதையும் மாட்டல” என்றார். போட்டோவை வாங்கி ஜன்னல் திட்டில் சாய்த்துவைத்தார். ஓட்டைப் படத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கிளியை என்னிடம் திருப்பித் தந்தார். அது என்னிடம் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடிப்பதில்லை.

*

இப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் வரைபடம் போடுகிறேன். சென்ற மாதம் அண்ணன் வந்தார். மில் வேலையை விட்டுவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. பின்பக்கம் ஒரு அறை கட்டி வாடகைக்கு விடலாம் என்றிருக்கிறார். இன்ஜினியர் என்னை அளவெடுக்க அனுப்பினார்.

ஆண்டுக்கொரு வெள்ளை ஏறி, கிளிகள் எங்கேயும் இல்லை. திரைத்துணியும் இல்லை. அந்தச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதன் தலையில் ஒரு துளிச் சுண்ணாம்பு இல்லை. சுற்றிலும் துருவின் கறை.

“ஒவ்வொரு வெள்ளைக்கும் நானே தொடச்சு விட்டுருவேன்” என்றார் அண்ணன். பிறகு தயங்கி, “ரூமு எப்படி வேணா வரட்டும். இந்தச் செவுத்தத் தொட வேண்டாம்மா” என்றார்.

ஆபீசில் இன்ஜினியர் பென்சிலால் அந்தச் சுவரின் நடுவில்தான் கதவு குறித்தார். அதுதான் சுருக்கமான வழி, செலவும் குறைவு. நான் கதவை அடுப்படிப் பக்கம் தள்ளி, வேறொரு வரைபடம் போட்டு, காற்றோட்டம் நன்றாக வரும் என்று காரணமும் எழுதி நீட்டினேன். அவர் ஒத்துக்கொண்டார். சுவரின் நீளம், உயரம், கனம் எல்லாம் குறித்து முடித்த பிறகு, வாசலுக்கு எதிரே உள்ள அந்தச் சுவரின் முகப்புப் படத்தில், ஏறக்குறைய கண் மட்டத்தில், பேனா நுனியால் ஒரு புள்ளி வைத்தேன்.

கையெழுத்துப் போடும்போது இன்ஜினியர் அதைப் பார்த்துவிட்டார். “இது என்னம்மா, மை தெறிச்சிருச்சா? சுரண்டி எடுத்துரு.”

“இல்ல சார்” என்றேன். “இருக்கட்டும்.”